ஆபீஸ் லேன் பார்ட்டிக்கு எந்த கேம்? கோவைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சரவணம்பட்டியிலோ டைடல் பார்க்கிலோ வேலை பார்க்கிறீர்கள். கேம் ஆடுகிற ஆள் என்று டீமில் உங்களுக்குப் பெயர். ஒருநாள் மேனேஜர் கூப்பிடுகிறார்: “அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ஆபீஸ்லயே லேன் பார்ட்டி வைக்கலாம்னு எச்.ஆர்.ல சொல்றாங்க. என்னென்ன கேம் போடலாம்னு நீங்களே ஒரு லிஸ்ட் குடுத்துருங்க.”

பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த லிஸ்ட்தான். எத்தனை கம்ப்யூட்டர் வேண்டும், என்ன செலவாகும், ஐ.டி. செக்யூரிட்டி டீம் ஒத்துக்கொள்ளுமா, யார் வருவார்கள், யார் மதியச் சாப்பாட்டோடு நழுவிவிடுவார்கள் என்பதெல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. பெரும்பாலும் இந்த லிஸ்ட்டை எழுதுபவர் நன்றாக ஆடத் தெரிந்தவர். தனக்குப் பிடித்த கேமை முதல் வரியில் எழுதுவார், தன்னோடு ஆடுகிற நாலு பேருக்குப் பிடித்ததை இரண்டாவது வரியில் எழுதுவார். மீதிப் பேர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

லிஸ்ட்டை எடைபோட ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: வந்தவர்களிலேயே ஆடத் தெரியாதவர், அன்றைக்கு எத்தனை நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார்? கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கும் சாப்பாடு வந்ததா என்று பார்க்கிற மாதிரி இது. நன்றாக ஆடுபவருக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் ஒரு பேப்பரில் கணக்குப் போடுங்கள்

60 பேர் வருகிறார்கள், 12 கம்ப்யூட்டர் இருக்கிறது, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நேரம் என்று வைத்துக்கொள்வோம். 12 நாற்காலி, 360 நிமிஷம்: மொத்தம் 4,320 நிமிஷம். 60 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 72 நிமிஷம். இதுதான் உங்கள் கையிருப்பு. இதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட யாராலும் உண்டாக்க முடியாது.

இப்போது எல்லோரும் வழக்கமாகச் செய்வதைச் செய்து பாருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, எட்டு டீம், தோற்றால் வெளியே. டீமுக்கு 5 பேர், ஆக 40 பேர். ஒரு மேட்ச்சுக்கு 10 கம்ப்யூட்டர் தேவை என்பதால் ஒரு நேரத்தில் ஒரு மேட்ச்தான் நடக்கும். மொத்தம் 7 மேட்ச். ஆள் மாறி உட்காரும் நேரத்தையும் சேர்த்து மேட்ச்சுக்கு 45 நிமிஷம் என்றால் 5 மணி 15 நிமிஷம். நாள் முடிந்துவிட்டது. முதல் சுற்றிலேயே 20 பேர் தலா 45 நிமிஷம் ஆடிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். டீமிலேயே சேராத 20 பேர் மவுஸைத் தொடவே இல்லை. இறுதிப் போட்டிக்குப் போன 10 பேர் மட்டும் தலா இரண்டேகால் மணி நேரம் ஆடியிருக்கிறார்கள்.

கேம் நல்ல கேம்தான். போட்ட விதம்தான் தவறு. கேமைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதை எந்த வடிவத்தில், எத்தனை பேருக்கு, எத்தனை நேரத்துக்குப் போடுகிறோம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பதுதான்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

“உங்களுக்கு என்ன கேம் வேணும்?” என்று ஆபீஸ் முழுக்க ஃபார்ம் அனுப்பாதீர்கள். ஆடுபவர்கள் மட்டும்தான் பதில் போடுவார்கள், அதிலும் சத்தமாகப் பேசுபவர்களின் கேம்தான் ஜெயிக்கும். மூன்று கேள்வி போதும். கடைசியாக என்ன கேம் ஆடினீர்கள், எதில் (ஃபோனா, கம்ப்யூட்டரா, கன்சோலா)? அன்றைக்கு ஆடப் போகிறீர்களா, பார்க்கப் போகிறீர்களா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முதல் கேள்விக்கு வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். பாதிக்கு மேல் ஃபோனாக இருக்கும்: பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், லூடோ கிங். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்றும், வைஸ் சிட்டி என்றும், பிரவுசிங் சென்டர் காலத்துப் பெயர்களை எழுதுவார்கள். ஹாஸ்டலில் இருந்து படித்தவர்கள் மினி மிலிஷியா என்பார்கள். “கேமே ஆடினதில்லைங்க” என்றும் சில பதில் வரும். அந்தப் பதில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் லிஸ்ட் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி நம் ஊருக்கு மிக முக்கியம். கோவை ஆபீஸ்களில் வார நாளில் பி.ஜி.யில் தங்கி, வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்கள் ஏராளம். ஈரோடு, சேலம் போகிறவர் காந்திபுரத்துக்கும், பொள்ளாச்சி, பழனி போகிறவர் உக்கடத்துக்கும், கரூர், திருச்சி போகிறவர் சிங்காநல்லூருக்கும் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை மாலை எந்த ரோட்டில் எவ்வளவு நெரிசல் என்பது உங்களுக்கே தெரியும். இறுதிப் போட்டியை ஆறு மணிக்கு வைத்தால் பாதி ஹால் காலியாக இருக்கும். பெண்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கம்பெனி கேப் உண்டா என்பதைப் பார்த்த பிறகே நீளமான கேம்களைத் தொடுங்கள். ராத்திரி முழுக்க நடத்தும் லேன் பார்ட்டி காலேஜுக்குச் சரி. ஆபீஸுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யார் வர முடியாமல் போகிறார்கள் என்று பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

வேலரன்ட்டா, கவுன்டர் ஸ்ட்ரைக்கா?

இந்தச் சண்டை வராத ஆபீஸ் இல்லை. இரண்டும் ஐந்துக்கு ஐந்து, இரண்டிலும் முதலில் 13 ரவுண்டு ஜெயிப்பவர் வெற்றி, இரண்டும் இலவசம். வயது குறைந்தவர்கள் வேலரன்ட் பக்கம், மூத்தவர்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் பக்கம் நிற்பார்கள். எது சிறந்த கேம் என்ற வாதத்துக்குள் போகாமல், உங்கள் கம்ப்யூட்டரில் எது ஓடும் என்று பாருங்கள்.

வேலரன்ட்டோடு வான்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வரும். அது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே இயக்க முறைமையின் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் தரவு இருக்கிற ஆபீஸ் லேப்டாப்பில் இதைப் போட எந்த செக்யூரிட்டி டீமும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. தவிர, பெயர்தான் லேன் பார்ட்டி. வேலரன்ட் ஆட்டம் உங்கள் ஹாலுக்குள்ளே ஓடாது, ரயட் நிறுவனத்தின் சர்வரில்தான் ஓடும். நமக்குப் பக்கத்தில் இருப்பது மும்பை சர்வர். இன்டர்நெட் திக்கினால் பத்து பேருக்கும் ஒரே நேரத்தில் திக்கும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு ஹாலிலேயே ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போய் ஆட்டம் நின்றால், சர்வர் ரவுண்டுக்கு ரவுண்டு எடுத்து வைத்திருக்கும் பதிவிலிருந்து விட்ட இடத்தில் தொடரலாம். 2023 செப்டம்பர் 27-இல் பழைய சி.எஸ்.கோ.வுக்குப் பதிலாக வந்த கேம் இது. டஸ்ட் 2 மேப் இதிலும் இருக்கிறது. 1.6 ஆடிய மூத்தவர்களுக்கு அந்த மேப்பின் சந்து பொந்தெல்லாம் இன்றும் கைவசம். ஆகவே மூத்தவரும் இளையவரும் கலந்து ஆட வேண்டுமென்றால் டஸ்ட் 2 போடுங்கள். புது மேப் போட்டால் அனுபவமும் இல்லை, நினைவும் இல்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபீஸ் லேப்டாப்பில் கேம் ஏற்றாதீர்கள். நல்ல வழி, ஒரு கேமிங் கஃபேயிடம் பேசி ஒருநாள் வாடகைக்குக் கம்ப்யூட்டர்கள் எடுப்பது, அல்லது விழாவையே கஃபேக்கு மாற்றுவது. ஆட்கள் சொந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தால் அதை ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காமல் தனி ஸ்விட்ச், தனி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செக்யூரிட்டி டீமுக்கு மெயிலில் எழுதி, ஒப்புதலை மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டீ குடிக்கும்போது சொன்ன “சரிங்க” என்பது விழா அன்று காலை செல்லுபடியாகாது.

டவுன்லோடையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு 85 ஜி.பி. இடம் தேவை என்கிறது ஸ்டீம். 12 கம்ப்யூட்டருக்கு 1,020 ஜி.பி. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் முழுதாக இறக்க ஏறக்குறைய 23 மணி நேரம். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இறக்கிவிட்டு, மற்றவற்றுக்கு ஹாலுக்குள்ளேயே கடத்துங்கள். ஸ்டீமில் 2023-இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. கிகாபிட் ஸ்விட்ச்சில் ஒரு கம்ப்யூட்டருக்குக் கால் மணி நேரம் போல ஆகும்.

தெரியாதவருக்கு எது?

இலவசம், அளவில் சின்னது, நெட் இல்லாமலே லேனில் ஓடும், ஆறு வயதுக் குழந்தையும் ஐம்பது வயது அட்மின் அண்ணனும் இரண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய கேமுக்கு இத்தனை குணம். திறமூல மென்பொருள் என்பதால் லைசென்ஸ் தலைவலியும் இல்லை. லேன் வசதி 2019-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து உண்டு. நாலு அம்புக்குறி விசையும் ஸ்பேஸ் பாரும் தெரிந்தால் போதும். காலையில் முதல் கேமாக இதைப் போடுங்கள். 12 பேர் கொண்ட குழு, 15 நிமிஷத்துக்கு ஒரு குழு. ஐந்து குழுவில் 60 பேரும் முடித்துவிடுவார்கள். 11.15 மணிக்கு அந்த ஹாலில் ஆடாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். பிறகு நடக்கும் எல்லாமே அதனால் சுலபமாகிவிடும்.

ப்ளர் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். இன்ஜினியரிங் ஹாஸ்டல்களில் ஒரு தலைமுறையே ஆடிய கேம் அது. 2010-இல் வந்தது, அதைச் செய்த பிசார் கிரியேஷன்ஸ் ஸ்டுடியோ அடுத்த வருஷமே மூடப்பட்டது. இப்போது அது ஸ்டீமில் விற்பனைக்கு இல்லை, பென் டிரைவில் சுற்றுவது கிராக் செய்த பிரதிதான். ஹாஸ்டல் அறையில் எப்படியோ, கம்பெனி பெயரில் நடக்கும் விழாவில் கிராக் செய்த மென்பொருள் ஓடினால் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் பிரச்சினை. அந்தக் கையெழுத்து உங்களுடையது.

கார் என்றதும் கோவைக்காரர் ஒருவர் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் 2.1 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது, 2003-இலிருந்து ஓடுகிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்தது இந்த ஊரில். ரேஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒர்க்‌ஷாப்காரர் முதல் மில் முதலாளி வரை நிறுத்தாத ஊர் இது. அந்த ஆர்வத்துக்கு உங்கள் லிஸ்ட்டில் ஒரு இடம் கொடுங்கள். ஒரு ஸ்டியரிங் வீல், பெடல் செட், ஒரு கம்ப்யூட்டர், அசெட்டோ கோர்சா போன்ற ஒரு சிமுலேட்டர். எல்லோருக்கும் ஒரே கார், ஒரே டிராக். ஆளுக்கு 5 நிமிஷம், அதில் போட்ட சிறந்த லேப் நேரத்தைப் பெரிய போர்டில் கையால் எழுதுங்கள். மணிக்கு 12 பேர், ஐந்து மணி நேரத்தில் 60 பேர். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஆபீஸ் முழுவதும் ஆடி முடித்துவிடும். போர்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கேமே ஆடாத, ஆனால் தினமும் நீலாம்பூரிலிருந்து கார் ஓட்டி வருகிற அக்கவுன்ட்ஸ் அக்கா, கேமர் பையனை முந்துவதற்கு வாய்ப்பிருக்கும் ஒரே இடம் இதுதான். கோவையில் லேன் பார்ட்டி நடத்தும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு கம்ப்யூட்டரைத்தான்.

டிவிக்கு முன்னால் என்ன வைப்பது? கால்பந்து அல்லது சண்டை கேம். ஃபிஃபா என்று இன்னும் நாம் சொல்லும் கேம் 2023-இலிருந்து இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வருகிறது. ஒரு மேட்ச் கால் மணி நேரம். டெக்கன் 8 அதைவிட வேகம், நாலு நிமிஷத்தில் அடுத்த ஆள் வந்துவிடுவார், கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுகிறவரும் ஒரு ரவுண்டு ஜெயித்துவிடுவார். ஒரு டிவிதான் இருக்கிறது என்றால் நான் டெக்கனையே போடுவேன். பார்க்க வந்தவர்களுக்குக் கால்பந்து எளிதில் புரியும் என்பதும் உண்மை, ஆகவே இறுதிப் போட்டி நேரத்தில் மட்டும் கால்பந்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதை விரும்புகிறவர்கள் உயிராக விரும்புவார்கள். 1999-இல் வந்த கேம், 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிறவி எடுத்தது. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில் திராவிடர்கள் ஒரு நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். உருமி வீரன் இருக்கிறான், ராஜேந்திர சோழனின் படையெடுப்பைத் தனிக் கதையாக ஆடலாம், படைவீரர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். ஹாலில் அந்தக் குரல் ஸ்பீக்கரில் கேட்டால் கேம் ஆடாதவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் கேமையும் அந்தத் தொகுப்பையும் காசு கொடுத்து வாங்க வேண்டும், திராவிடர்களாக ஆட விரும்பும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்லவே முடியாது. பிளாக் ஃபாரஸ்ட் மேப் போட்டால் சாயங்காலம் வரை காட்டை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அரேபியா மேப், ஒரு மணி நேரக் கெடு, நேரம் முடிந்ததும் ஸ்கோர் அதிகம் உள்ள அணி வெற்றி என்று முன்பே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சரியான நேரம்.

ஃபோன்காரர்களை மறக்காதீர்கள். பி.ஜி.எம்.ஐ. போடச் சொல்லித்தான் அதிகம் பேர் கேட்பார்கள். போடலாம், ஆனால் விழாவின் தலைப்பு கேமாக அதை வைக்காதீர்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ., 2022 ஜூலை 28 அன்று ஆப் ஸ்டோர்களிலிருந்து திடீரெனக் காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைபட்டது. போஸ்டர் அடித்த பிறகு கேமே இல்லாமல் போகலாம் என்பதை இந்த நாலு வருஷம் காட்டிவிட்டது. இன்டர்நெட்டை நம்பும் எந்த கேமுக்கும், நெட் இல்லாமல் ஓடும் மாற்று கேம் ஒன்று உங்கள் லிஸ்ட்டில் இருக்க வேண்டும். ஃபோனில் அதற்கு மினி மிலிஷியா பொருத்தம். ஒரே வைஃபையில் 12 பேர் வரை சேரலாம், ஹாட்ஸ்பாட்டே போதும், பழைய ஃபோனிலும் ஓடும்.

ஓரமாக அமைதியாக ஒரு மேசையும் வேண்டும். சத்தமும் போட்டியும் வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே ‘வெண்பா’ கேமை ஓட விடுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லியும் புட்டும் செய்யும் ஆட்டம், டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. ஒருவர் மட்டும் ஆடும் கேம்தான், லேனுக்குத் தொடர்பில்லைதான். ஆனாலும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, “அது அப்படி இல்லைங்க, முதல்ல தண்ணி ஊத்தோணும்” என்று சொல்லிக்கொண்டே ஆடுவார்கள். பக்கத்தில் ஒரு கேரம் போர்டு. இந்த மூலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வருகிறவர் எல்லோரையும் வரவேற்கும் மூலை இதுதான்.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தால் துப்பாக்கி கேம்களைத் தனி அறைக்கு மாற்றிவிடுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் பெரியவர்களுக்கான கேம். குழந்தைகள் இருக்கும் ஹாலில் பெரிய திரையில் அதைப் போடுவது சரியல்ல.

பணம் கலக்க வேண்டாம்

“ஆளுக்கு நூறு ரூபா போட்டு ஜெயிச்சவங்களுக்குக் குடுத்துரலாமே” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். “ரம்மி ஒரு டேபிள் போடலாமா?” என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் பதில், வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது, இ-ஸ்போர்ட்ஸைத் தனி வகையாக ஏற்கிறது. தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தனிச் சட்டம் உண்டு. உங்கள் விழா இ-ஸ்போர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. பந்தயப் பணத்தைக் கொண்டுவந்து அதை எல்லைக்கோட்டில் நிறுத்தாதீர்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம், பரிசு பொருளாக இருக்கட்டும். திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது விழாப் பெயர் அச்சிட்ட நல்ல டி-ஷர்ட் எல்லோருக்குமே கொடுக்கலாம், ஜெயித்தவருக்கு மட்டும் வேறு நிறம்.

லைசென்ஸ் பற்றியும் ஒரு வரி. இலவச கேம் என்றால் எங்கும் எப்படியும் நடத்தலாம் என்று பொருளில்லை. போட்டி நடத்துவதற்கென்று ரயட் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது, ஸ்டீமில் கேமிங் கஃபேக்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. ஸ்பான்சர் பிடிப்பதற்கு முன் உங்கள் சட்டப் பிரிவு அதை ஒருமுறை படித்துவிடட்டும்.

கரண்டும் வெள்ளோட்டமும்

கேமிங் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து முழு வேகத்தில் 400 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கம்ப்யூட்டருக்கு 4,800 வாட். ஒரு 16 ஆம்ப் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 3,680 வாட். ஆகவே ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீட்டிக்கொண்டே போனால் இறுதிப் போட்டியின் நடுவே டிரிப் ஆகும். சாக்கெட்டுக்கு 6 கம்ப்யூட்டருக்கு மேல் வேண்டாம். எந்த லைன் எந்த ஃபேஸில் இருக்கிறது என்று பில்டிங் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பிரித்துவிடுங்கள். ஏ.சி. வேறு லைனில் இருக்கட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். ஜெனரேட்டர் இருக்கிற கட்டடமென்றாலும், மாறும் அந்தச் சில நொடியில் யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆட்டத்தைச் சேமித்துத் தொடர வசதியில்லாத கேம்களுக்கு யு.பி.எஸ்.ஸை முதலில் ஒதுக்குங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வெள்ளோட்டம் கட்டாயம். அப்டேட்டுகள் எல்லாம் அன்றே முடிய வேண்டும். பிறகு நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு கேமையும் திறந்து பாருங்கள். லேன் உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கும் கேம்கள் பலவும் லாகின் செய்ய நெட் கேட்கும். நெட் இல்லாமல் எது திறக்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான லேன் கேம். திறக்காதவற்றுக்கு ஃபோன் ஹாட்ஸ்பாட் மாற்று உண்டா என்பதை அன்றே பார்த்துவிடுங்கள். கேம் தெரியாத ஒரு சக ஊழியரை வெள்ளோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் எந்த இடத்தில் திணறுகிறார் என்று பார்த்து, அந்த விசைகளைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள்.

இப்போது அந்த 60 பேர் கணக்குக்கு வருவோம். 10 மணியிலிருந்து 11.15 வரை சூப்பர்டக்ஸ்கார்ட், எல்லோரும். பிறகு கவுன்டர் ஸ்ட்ரைக், ஆனால் எட்டு டீம் இல்லை, நாலு டீம்: இரண்டு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி. நாலு மேட்ச், மூன்று மணி நேரம். தோற்ற டீமும் இரண்டு மேட்ச் ஆடிவிடும். அரையிறுதிகள் முடிந்ததும் முக்கால் மணி சாப்பாடு. மொத்தம் ஐந்து மணி நேரம், மீதி ஒரு மணி நேரம் இருக்கிறது. சாப்பிட்டு வந்ததும் அதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்குக் கொடுங்கள், மீந்த நாலு கம்ப்யூட்டரில் அவரவர் விரும்பியதை ஆடட்டும். ஸ்வீடனில் பள்ளித் தோழர்களின் சின்னக் கூட்டமாகத் தொடங்கி 2018-இல் மும்பை வரை வந்த ட்ரீம்ஹேக் என்ற லேன் விழாவின் உயிரே அந்தச் சுதந்திரமான நேரம்தான். மேடைப் போட்டி ஒருபுறம் நடக்க, சொந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தவர்கள் மறுபுறம் தமக்குப் பிடித்ததை ஆடிக்கொண்டிருப்பார்கள். வீல், டிவி, ஃபோன், வெண்பா எல்லாம் நாள் முழுக்க ஓரங்களில் ஓடட்டும். நாலு மணிக்குப் பரிசு, நாலரைக்கு பஸ்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது

இந்த வேலை உங்கள் அப்ரைசலில் ஒரு வரியாகவாவது வர வேண்டும். “லேன் பார்ட்டி நடத்தினேன்” என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், ஆடாமலே போனவர் எத்தனை பேர், எந்த கேமுக்கு எத்தனை நிமிஷம் நாற்காலி ஓடியது, எவ்வளவு செலவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் அனுப்புங்கள். நாற்காலிக் கணக்கை எடுக்க ஒரு இன்டர்னிடம் பேடும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தால் போதும். ஆட்கள், நேரம், இயந்திரம் மூன்றையும் திட்டமிட்டு, செக்யூரிட்டி டீமிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, முடிவை எண்ணால் காட்டத் தெரிந்தவர் என்று அந்தப் பக்கம் உங்களைப் பற்றிச் சொல்லும். ப்ராஜெக்ட் மேனேஜரிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இதையே தொழிலாக்க நினைக்கும் தம்பி, தங்கைகள் அந்த ஒரு பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். சென்னையிலிருந்து இயங்கும் ஸ்கைஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளுக்கு ஆடுபவர்களைவிட மற்றவர்கள் அதிகம் தேவை: விதிமுறை பார்க்கும் டோர்னமென்ட் அட்மின், திரையில் எந்த வீரரைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அப்சர்வர், வர்ணனையாளர், நெட்வொர்க் ஆள். தமிழில் கோர்வையாக வர்ணனை செய்ய வருமென்றால் உங்கள் ஆபீஸ் விழாவிலேயே மைக்கைப் பிடித்து, அதைப் பதிவு செய்து வையுங்கள். வர்ணனைக்குக் கவுன்டர் ஸ்ட்ரைக் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுண்டுக்கு ரவுண்டு நடுவே பேச இடைவெளி கிடைக்கும், பார்க்கிறவருக்கும் ஸ்கோர் புரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பத்து நிமிஷப் பதிவையும், நாற்காலிக் கணக்கு எழுதிய பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.